லேத் இருக்கு, சொல்லிக்குடுக்க வாத்தியார் எங்கங்க?

கோயம்புத்தூர்ல கணபதி பக்கம் சின்னதா லேத் பட்டறை, அதான் இரும்பச் சுத்தவிட்டுக் கடையற மெஷின், வெச்சிருக்கேன், பம்ப்புக்கு ஷாஃப்ட், புஷ்ஷுன்னு ஜாப் ஒர்க்தான். போன மாசம் ஒரு தம்பி வேலை கேட்டு வந்தான், பிஇ மெக்கானிக்கல். மைக்ரோமீட்டரக் கையில குடுத்து இந்த ஷாஃப்ட்ட அளந்து சொல்லு தம்பின்னேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "எங்க பேட்சுக்கே ஒண்ணுதாங்ணா இருந்துச்சு, நான் தொட்டதே இல்லீங்"ங்கறான். அவங்கப்பா காட்ட அடமானம் வெச்சு நாலு வருஷம் ஃபீஸ் கட்டிருக்காரு. அவன் மேல எனக்குக் கோவமே வரல.

2025க்குள்ள பாதி மாணவர்களுக்காவது தொழிற்கல்வி கிடைக்கணும்னு தேசிய கல்விக் கொள்கை 2020ல எழுதுனாங்க. இதுக்கு முன்னாடி 1986 கொள்கைலயும் பிளஸ் டூ பசங்கள்ல 1990க்குள்ள 10 சதவீதம், 1995க்குள்ள 25 சதவீதம்னு எழுதி, முடியலன்னதும் 1992ல அதே கணக்க 1995, 2000ன்னு தள்ளி வெச்சாங்க. வருஷத்த மாத்துனாங்களே தவிர வாத்தியாரப் போடல.

நான் படிச்ச ஸ்கூல்ல ஒகேஷனல் குரூப், அதாவது தொழிற்கல்விப் பிரிவு இருந்துச்சு. எங்க சார் கையப் புடிச்சு லேத்துல இரும்பச் சீவற டூல் பிட்ட கிரைண்டிங் வீல்ல வெச்சு, தீப்பொறி போற பக்கத்தப் பாத்துக்கிட்டே கோணத்தத் திருத்துவாரு, இன்னிக்கும் நான் டூல் புடிக்கறது அப்படித்தான். அவரு ரிட்டயர் ஆனாரு, அந்த எடத்துக்கு யாருமே வரல, ரெண்டு வருஷத்துல குரூப்பயே மூடிட்டாங்க. லேத் இப்ப தார்ப்பாய்க்கு அடியில கெடக்கு.

தொழிற்கல்வின்னாலே நம்மூர்ல பயப்படறாங்க, அது நியாயமான பயம். 1953ல ராஜாஜி பாதி நேரம் ஸ்கூல், மீதி நேரம் அப்பன் தொழில்னு கொண்டு வந்தத குலக்கல்வின்னு எதிர்த்து, 1954ல காமராஜர் வந்துதான் எடுத்தாரு. அதனால ஏழை வீட்டுப் பையன மட்டும் பட்டறைக்குத் தள்ளி விடற திட்டமா இருந்தா நானே எதிர்ப்பேன். டாக்டர் ஆகப்போற புள்ளையும் ஒரு தடவ அரம் புடிக்கட்டும். ஐடிஐ முடிச்சவன் நேரா டிப்ளமோ ரெண்டாம் வருஷம் சேரலாம், அங்கிருந்து பிஇ ரெண்டாம் வருஷம் போலாம், எத்தன அப்பாம்மாவுக்கு இது தெரியும்?

தமிழ்நாட்டுல 71 அரசு ஐடிஐய 2,877 கோடில புதுசு பண்ணாங்க, மனசார பாராட்டறேன். அந்த மெஷின ஓட்டிக் காட்டற இன்ஸ்ட்ரக்டரையும் நிரந்தரமாப் போடுங்க, ஸ்கூல்லயும் போடுங்க. அதுவரைக்கும் பக்கத்து ஸ்கூல் வாத்தியார்கள் யாராச்சும் இதப் படிச்சா சனிக்கெழம பசங்களக் கூட்டிட்டு வாங்க, ஒரு லேத்த அவங்களுக்குன்னே ஒதுக்கித் தரேன்.