ஆங்கிலத்தில் இட், ஹிம் எல்லாம் எப்போதும் நடுவில்தான் வரும் என்பதில்லை
"பிரேசல் வெர்ப் எதுவானாலும் இட், ஹிம், தெம் நடுவில்தான் வர வேண்டும்" என்று ஒருவர் ஒரு பதிவில் எழுதியிருக்கிறார். பிரேசல் வெர்ப் என்பது வினையோடு ஆஃப், ஆன், ஆஃப்டர் போன்ற சின்னச் சொல் சேர்ந்து வருவது; நடுவில் என்றால் அந்த இரண்டுக்கும் இடையில். பாதிதான் சரி. இதை அப்படியே மனப்பாடம் செய்பவர்கள் "லுக் ஹெர் ஆஃப்டர்" என்று எழுதிவிடுவார்கள், அது தவறு. "லுக் ஆஃப்டர் ஹெர்" (அவளைக் கவனித்துக்கொள்) என்பதே சரி.

வினையோடு வரும் அந்தச் சின்னச் சொல் பார்ட்டிகிளா (வினையோடு சேர்ந்தது), ப்ரிபோசிஷனா (பின்னால் வரும் பெயரோடு சேர்ந்தது) என்று பார்க்க வேண்டும். அதற்கு முதலில் பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். "டர்ன் ஆஃப் த லைட்", "டர்ன் த லைட் ஆஃப்" இரண்டும் சரி. அப்படி இடம் மாற்ற முடிந்தால் அது பார்ட்டிகிள். அங்கே "டர்ன் இட் ஆஃப்" மட்டும்தான், "டர்ன் ஆஃப் இட்" கிடையாது. "லுக் த சைல்ட் ஆஃப்டர்" என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே அது ப்ரிபோசிஷன். இட், ஹிம், ஹெர் போன்ற புரோனவுன் அதற்குப் பின்னால்தான்.

ஒரே ஜோடிச் சொற்கள் இரண்டு விதமாகவும் வரும் என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். "ஷி டர்ன்ட் இட் ஆன்" என்றால் அவள் அதைப் போட்டாள், விளக்கையோ டிவியையோ. "த டாக் டர்ன்ட் ஆன் ஹிம்" என்றால் நாய் திடீரென்று அவன்மேல் பாய்ந்தது. புரோனவுன் எங்கே நிற்கிறது என்பதில் பொருளே மாறிவிடுகிறது.

"புட் அப் வித் இட்" (அதைப் பொறுத்துக்கொள்) போன்ற மூன்று சொல் வினைகளில் கடைசிச் சொல் ப்ரிபோசிஷன், எனவே "இட்" கடைசியில்தான். தயவுசெய்து அந்தப் பதிவில் "எதுவானாலும்" என்பதை மட்டும் திருத்திவிடுங்கள், புதிதாகப் படிப்பவர்கள் நிறைய பேர் பார்க்கிறார்கள்.