மெஸ்ஸிக்கு 9 கோல் இல்லை, 7தான்

"2022 கத்தார் உலகக் கோப்பையில் மெஸ்ஸி 9 கோல், எம்பாப்பே 8, தங்கக் காலணியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள்" என்பது தவறு, நண்பரே. (தங்கக் காலணி என்பது தொடரில் அதிக கோல் அடித்தவருக்கான விருது.) அந்த 9-இல் இரண்டு, நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியிலும் இறுதியிலும் ஷூட் அவுட்டில் அடித்தவை. ஷூட் அவுட் என்பது ஆட்டம் சமனில் முடிந்தால், வெற்றியாளரை முடிவு செய்ய இரு அணியும் கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து மாறி மாறி அடிக்கும் பெனால்டி உதைகள். அது ஆட்டத்தின் பகுதியே அல்ல. அதனால்தான் மெஸ்ஸியின் அர்ஜென்டினாவும் எம்பாப்பேயின் பிரான்ஸும் மோதிய இறுதி ஆட்டம் பதிவேட்டில் 3-3 சமன். ஷூட் அவுட்டின் 4-2 தனிக் கணக்கு.

உதையிலேயே வித்தியாசம் தெரியும். ஆட்டத்துக்குள் கிடைக்கும் பெனால்டியைக் கோல்கீப்பர் தட்டிவிட்டால், அடித்தவரே ஓடிப்போய் மறுபடி உதைத்து கோலாக்கலாம். ஷூட் அவுட்டில் தட்டிவிட்டால் அதோடு சரி.

மெஸ்ஸியின் 7: சவூதி, மெக்சிகோ, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, குரோஷியாவுக்கு எதிராகத் தலா 1, இறுதியில் 2. இவற்றில் 4 பெனால்டி. ஆட்டத்துக்குள் கிடைத்தவை என்பதால் சேரும். எம்பாப்பேயின் 8: ஆஸ்திரேலியா 1, டென்மார்க் 2, போலந்து 2, இறுதியில் 3.

ஷூட் அவுட்டையும் சேர்த்தே தீருவேன் என்றால், இறுதியில் எம்பாப்பேயும் ஒன்று போட்டாரே! அப்போது 9-9. கோல் சமமானால் அசிஸ்ட், அதாவது சக வீரர் கோல் அடிக்கப் பந்தைக் கொடுத்து உதவிய எண்ணிக்கை, பார்ப்பார்கள். 2010-இல் நான்கு பேர் 5 கோலில் நின்றபோது தாமஸ் முல்லருக்கு விருது போனது அப்படித்தான். 2022-இல் மெஸ்ஸிக்கு 3 அசிஸ்ட், எம்பாப்பேக்கு 2. உங்கள் கணக்குப்படி மெஸ்ஸிக்குத்தான் கிடைத்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி அந்தக் கணக்கை ஏற்பதில்லை.