"பொறுத்துப் போம்மா" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி

எங்கள் அன்பியக் கூட்டத்துக்கு (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபக் கூட்டம்) வரும் ஒரு தங்கச்சி மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் கிலாங் (தொழிற்சாலை) வேலை செய்கிறாள். நைட் ஷிப்ட். இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஜெபமாலை முடிந்து எல்லாரும் மீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "அக்கா, 10 வெள்ளி இருக்குமா? போனுக்கு ரீலோட் போடணும்." ஓவர்டைம் பார்த்துச் சம்பாதிக்கிறவள். ஆனால் ஏடிஎம் கார்டு கணவரின் சட்டைப் பையில். திருப்பிக் கேட்டால் அடி. முடியை ஒதுக்கி இடது காதுக்குப் பின்னால் காட்டினாள். ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது.

பணம் கொடுத்தேன். அப்புறம், "பொறுத்துப் போம்மா, மாதாகிட்ட ஒப்புக்கொடு. பொறுமையைவிடப் பெரிய புண்ணியம் இல்லை" என்றேன். நான் மறைக்கல்வி ஆசிரியை. நல்ல மனசோடுதான் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

சின்ன வயசில் பாட்டி சொல்லிக்கொடுத்த ஞானோபதேசம் (அந்தக் கால மறைக்கல்விப் பாடம்) எனக்கு இன்னும் மனப்பாடம். தலையான பாவங்கள் ஏழு, அவற்றுக்கு எதிரான புண்ணியங்கள் ஏழு. அகங்காரத்துக்கு எதிர் தாழ்ச்சி, கோபத்துக்கு எதிர் பொறுமை என்று ராகம் போட்டு ஒப்பிப்போம். (காய்மகாரம் என்றால் பொறாமை, போசனப்பிரியம் என்றால் பெருந்தீனி. இந்தச் சொற்களைக் கேட்டாலே என் வகுப்புப் பிள்ளைகள் முழிக்கிறார்கள்.) மனப்பாடம் நல்லதுதான். ஆனால் பட்டியலாகவே படித்ததில் நமக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஏழில் ஒன்றைத் தனியாகப் பிய்த்தெடுத்து, பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில், கட்டிவிடுகிறோம்.

திருச்சபை இதை அப்படிக் கற்பிக்கவில்லை. புண்ணியம் என்றால் நம் காதுக்கு உண்டியலில் போட்டுச் சேர்த்துக்கொள்வது போல ஒலிக்கிறது. இங்கே அதன் பொருள் வேறு. செய்து செய்து ஆளுக்குள் ஊறிப்போன நல்ல குணம் அது. விசுவாசம், நம்பிக்கை, அன்பு மூன்றும் கடவுள் தரும் கொடை. விவேகம், நீதி, திடம் (மன உறுதி), மிதம் (அளவோடு இருப்பது) நான்கும் மற்ற குணங்களைத் தாங்குகிறவை. இந்த நான்குக்கு லத்தீனில் வைத்த பெயரே கதவுக் கீல் என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். இவற்றில் விவேகத்தை, மற்றவற்றை ஓட்டிச் செல்லும் தேரோட்டி என்கிறது 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல். நீதி என்பது அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுப்பது.

பொறுமை எங்கே வருகிறது? 13ஆம் நூற்றாண்டில் திருச்சபையின் பெரிய இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அதைத் திடத்தின் கிளையாக வைத்தார். அதாவது தைரியத்தின் பிள்ளை. நாமோ பயத்துக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். நியாயமான காரணம் இருந்தும் கோபமே வராமல் இருப்பதும் குற்றம்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். இதை முதலில் வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

"மறு கன்னத்தையும் காட்டு" என்றாரே இயேசு என்று கேட்பீர்கள். சரி, அவரை அறைந்தபோது அவர் என்ன செய்தார்? யோவான் 18:23 எடுத்துப் பாருங்கள். தலைமைக் குருவின் முன்னால் காவலர் ஒருவர் அறைகிறார். நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று காட்டும், சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறீர் என்று அவர் நேருக்கு நேர் கேட்கிறார். திருப்பி அடிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை.

அடுத்தது புனித மோனிக்கா. ஆகஸ்டு 27 வந்தாலே முன்கோபக் கணவரைப் பொறுத்தே வென்ற மனைவி என்று அவரைக் காட்டிப் பேசுவோம். மோனிக்காவின் மகன் புனித அகுஸ்தினார் தம் அம்மாவைப் பற்றி எழுதியிருப்பதை வாசித்தால் முகத்தில் அடிபட்ட தழும்போடு திரிந்த பக்கத்துப் பெண்களும் அங்கே இருக்கிறார்கள். கணவன்மாரைக் குறை சொல்லாதீர்கள் என்று மோனிக்கா அவர்களுக்குப் புத்தி சொல்கிறார். எனக்கு மோனிக்காமேல் பக்தி உண்டு. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் புத்திமதியை 4ஆம் நூற்றாண்டிலேயே விட்டுவிட வேண்டும். அந்தப் பெண்களின் முகத்தை யார் பார்த்தது?

திருமணத் திருப்பலியில் "அன்பு பொறுமையுள்ளது" என்று வாசிக்கும்போது தலையாட்டுகிறோம். இரண்டு வசனம் தள்ளி, அன்பு தீவினையில் மகிழ்வுறாது, உண்மையில் மகிழும் என்றும் இருக்கிறது. அடிக்கிற கையை அடிக்கவிடுவது அந்த ஆளுக்குக் காட்டும் அன்பும் இல்லை. அவருடைய பாவத்துக்கு நாம் பாய் விரித்துக் கொடுக்கிறோம்.

துணையின் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரிய ஆபத்து உண்டாக்குகிறவரை விட்டுப் பிரிந்து வாழ, திருச்சபைச் சட்டம் 1153 இடம் தருகிறது. மலேசிய நாட்டுச் சட்டத்தில் 1994ஆம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. போலீஸ் ரிப்போர்ட் செய்து பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். உதவி கேட்டு அழைக்கும் அரசாங்கத் தொலைபேசிச் சேவையான தாலியான் காசே எண் 15999. இவ்வளவு வருஷம் பாடம் நடத்திய எனக்கு இவை எதுவும் தெரியாது. அவளுக்காகத் தேடப்போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் அவளோடு பேங்குக்குப் போனேன். சம்பளம் புதுக் கணக்குக்குப் போகும்படி கிலாங்கில் எழுதிக் கொடுத்தாள். பேங்கில் கார்டுக்கு ரகசிய எண் அடிக்கும்போது விரல் நடுங்கி இரண்டு தடவை தப்பாகிப் போனது. மூன்றாவது தடவை மெல்ல, ஒவ்வொரு எண்ணாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தாள். இப்போது நிபோங் திபாலில் அம்மா வீட்டில் இருக்கிறாள். ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் பார்த்தேன். கணவர் பெயரைச் சொல்லித்தான் மெழுகுவர்த்தி ஏற்றினாள். திரும்பிப் போவாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

திருமணத் தயாரிப்பு வகுப்பில் இதைப் பற்றிப் பேச அரை மணி நேரம் கேட்டிருந்தேன். ஃபாதர் சரி என்றிருக்கிறார். அடுத்த வகுப்புக்கு எட்டு ஜோடிகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இந்த வாரம் முழுக்க அதற்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.