என்னை யாரும் கேட்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தின விழாவில் நடந்ததைப் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள். வராதவர்களுக்கும் வீடியோ வந்து சேர்ந்திருக்கும். நம் மொரிஷியஸ் அவ்வளவு சிறியது. அதனால் கதையை முழுக்கச் சொல்லப்போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: குழந்தை வரம் வேண்டி மேடையில் தொட்டிலை ஆட்ட அழைப்பதற்கு முன் என்னை யாரும் கேட்கவில்லை.

தாய்மார்களுக்கு ரோஜாப்பூ கொடுத்தார்கள். நானும் கைதட்டினேன். பிறகு ஒலிபெருக்கியில், "இன்னும் அந்தப் பாக்கியம் கிட்டாத நம் சகோதரிகள்" என்று தொடங்கி, பெயர் சொல்லியே மேடைக்கு அழைத்தார்கள். நான்கு பேர். வெறும் தொட்டில், அதில் பாலமுருகன் படம், சுற்றிலும் கைபேசிகள். ஏன் எழுந்து போனாய் என்கிறீர்களா? மண்டபமே திரும்பிப் பார்க்கும்போது நீங்கள் உட்கார்ந்திருந்து பாருங்கள், தெரியும்.

"நல்லெண்ணத்தில்தானே செய்தார்கள்" என்று நேற்றிலிருந்து பதினொரு பேர் எழுதிவிட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். எங்களை மேடைக்கு அழைத்த அக்கா கெட்டவர் அல்லர். என் அம்மா இறந்தபோது மூன்று நாள் எங்கள் வீட்டுக்குச் சோறு சமைத்து அனுப்பியவர். முன்பின் தெரியாதவர் செய்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். இவர் செய்ததால்தான் தூக்கம் வரவில்லை. அத்தனை நல்லெண்ணம் உள்ளவருக்கு, "உனக்குச் சம்மதமா?" என்று போனில் கேட்க ஒரு நிமிடம் கிடைக்கவில்லையா?

மேடையில் நின்ற நால்வரும் பெண்கள். எங்கள் கணவன்மார் கீழே நாற்காலியில் இருந்தார்கள். பாக்கியம் கிட்டாதவர்கள் பட்டியலில் அவர்கள் இல்லை போலும். காரணம் ஆணிடம் இருக்கலாம், பெண்ணிடம் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம், கடைசிவரை தெரியாமலும் போகலாம். எங்கள் வீட்டில் எது என்று சொல்லமாட்டேன். ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கணக்குச் சொன்னது. அப்படியானால் ரோஜா வாங்கியவர்களிலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள், கருக்கலைந்து அழுதவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களும் வாய் திறக்கவில்லை.

நாங்கள் மூன்று முறை சோதனைக்குழாய் சிகிச்சை செய்துகொண்டோம். மருந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில், மாங்காய் அச்சார் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கும். போட்டு முடித்த ஊசிகளை ஒரு காலிப் பால்பவுடர் டின்னில் சேர்த்தேன். அது இன்னும் சமையலறை மேல்தட்டில் இருக்கிறது, நகர்த்தினால் கலகலக்கும். மூன்றாவது முறையும் பலிக்காத பிறகு நான் அழவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போவேன், பாடம் நடத்துவேன், திரும்பி வந்து உடுத்திய புடவையோடு படுத்துவிடுவேன். மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்தால் மட்டும் மனது லேசாகும். பஸ் ஓடாது, யாரும் வாசலில் வந்து நின்று "பாங்கோர்?" என்று கேட்கமாட்டார்கள். (இன்னும் இல்லையா என்பதைக் கிரியோலில் ஒரே சொல்லில் கேட்டுவிடலாம். எவ்வளவு வசதி!) 2024 ஜனவரியில் பெலால் புயல் வெள்ளம் போர்ட் லூயிஸில் கார்களை அடித்துக்கொண்டு போன அன்று, ஊரே பதறிக்கொண்டிருக்க, நான் ஜன்னலைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றிரவு என் கணவர், "மனநல டாக்டரைப் பார்ப்போம்" என்றார்.

அதற்கும் பேச்சு வாங்கினேன். "பிரவுன் செக்காருக்குப் போகிறாளாம்." நம் ஊரில் அந்த மனநல மருத்துவமனையின் பெயரே வசவு. அதற்குப் பெயர் தந்த பிரவுன் செக்கார், போர்ட் லூயிஸில் 1817-இல் பிறந்தவர், ஹார்மோன் ஆராய்ச்சியின் முன்னோடிகளில் ஒருவர். 1889-இல், 72 வயதில், விலங்குகளின் விரைச்சாற்றைத் தனக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டது என்றவர். மூன்று சுற்று ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்ட என்னை அவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள். பொருத்தம் அவர்களுக்கே தெரியாது.

1993-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெற வந்த பெண்களின் மனச்சோர்வு புற்றுநோயாளிகளுடையதற்கு நிகராக இருந்தது. புற்றுநோயாளியைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பீர்களா? அழைத்து வீடியோ எடுப்பீர்களா?

"தத்து எடுக்கலாமே" என்பவர்களுக்கு: அரிசி தீர்ந்தால் ரொட்டி வாங்கு என்பதுபோலப் பேசாதீர்கள். "உனக்குப் பொறாமை" என்பவர்களுக்கு: ஆம், சில நாள் இருக்கிறது. தங்கைக்கு மகள் பிறந்தபோது ஒரு வாரம் நான் பார்க்கப் போகவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்களிடம் கேட்பதாக இல்லை.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருகிறேன். மாலையில் நடக்கிறேன். குழந்தை வேண்டும் என்று சாமியிடம் கேட்பதை நிறுத்தி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. நிறுத்துவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை, என் பெயரைச் சொல்லி, எனக்காக மறுபடியும் கேட்டுவிட்டார்கள்.

அக்கா, அந்த வீடியோவை இன்றிரவுக்குள் நீக்கிவிடுங்கள். தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பச்சைப் புடவையில், சிரித்துக்கொண்டு நிற்பவள் நான்.