பிறப்பு ரகசியத்தை மட்டும் விட்டுவிடுங்கள்

நண்பர்கள் நடத்தும் சிறுகதைப் போட்டியில் முதல் சுற்று வாசிப்பு இந்த முறை என் தலையில் விழுந்தது. மாயமும் காதலும் கலந்த கதை, 1,500 சொல்லுக்குள். வந்தவற்றில் பெரும்பாலானவை ஊர் ஒப்பாத காதல்தான். யட்சிக்கும் ஐடி பையனுக்கும் காதல், கந்தர்வனுக்கும் மயிலாப்பூர் மாமி பெண்ணுக்கும் காதல். ஒரு ரத்தக்காட்டேரி ஓ.எம்.ஆரில் பதினான்காவது மாடியில் வாடகைக்கு இருக்கிறது, வெயில் படாத பக்கமாகப் பார்த்து எடுத்திருக்கிறது. எழுத்து மோசம் இல்லை, சிலர் நன்றாகவே எழுதுகிறார்கள். என் சண்டை கடைசிப் பக்கத்தோடு மட்டும்தான்.

கடைசிப் பக்கத்தில் என்ன ஆகிறது? அந்த ஐடி பையன் போன பிறவியில் யட்ச குலத்து இளவரசன் என்று தெரிந்துவிடுகிறது. முதுகில் மச்சம் இருக்கும், இல்லையென்றால் பாட்டி ஒரு ஓலைச்சுவடியை எடுத்து வருவார். உடனே எதிர்த்தவர்கள் எல்லாம் பூத்தூவுகிறார்கள். சரி, அப்படியென்றால் இது என்ன கூடாத காதல்? சொந்தத்துக்குள் நடந்த கல்யாணம். இரண்டு பக்கமும் விசாரித்திருந்தால் முதல் பத்தியிலேயே நிச்சயம் பண்ணியிருக்கலாம்.

இளையவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இது நம்மிடம் பழைய நோய். வள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தினைப்புனம் காக்கும் குறவர் பெண், கிழவன் வேடத்தில் வரும் முருகன், பயமுறுத்த யானையாக வரும் அண்ணன், ராத்திரியில் கிளம்பிப் போவது, துரத்தி வரும் நம்பிராசனும் வேடர்களும் மாண்டு விழுவது, வள்ளியாலேயே திரும்ப உயிர்த்து எழுவது. காதலும் மாயமும் இதைவிட நன்றாகக் கலந்த கதை தமிழில் எனக்குத் தெரியாது. ஆனால் கந்தபுராணத்துக்கு அது போதவில்லை. வள்ளி முற்பிறவியில் திருமாலின் மகள் சுந்தரவல்லி, முருகனுக்காகத் தவம் இருந்தவள் என்று ஆரம்பத்திலேயே கணக்கை நேர் செய்துவிடுகிறது.

மதுரைவீரன் கதையிலும் இதேதான். சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன், பாளையக்காரர் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போகிறான். மக்கள் கொண்டாடியது அந்தத் துணிச்சலைத்தான். ஆனால் கதைப்பாடல் என்ன சொல்கிறது? அவன் காசி ராஜாவின் பிள்ளையாம், கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விட்டுவிட்டார்களாம். ஒரு சக்கிலியர் பிள்ளை நாயக்கர் பெண்ணைக் கட்டினான் என்று கதையாகக்கூட இருந்துவிடக் கூடாது என்று யாரோ ஒருவருக்குப் பதற்றம் இருந்திருக்கிறது. மாறுகால் மாறுகை வாங்கியது ஒரு தண்டனை என்றால், அவன் பிறப்பை மாற்றி எழுதியது இன்னொன்று என்பேன்.

இதற்கு நேர் எதிராக ஒரு கதை இருக்கிறது. நாம் அதிகம் பேசாத கதை. மணிமேகலையில் வரும் பீலிவளை. புகாரின் கடற்கரைச் சோலையில் சோழன் நெடுமுடிக்கிள்ளி அவளைத் தனியாகப் பார்க்கிறான். ஒரு மாதம் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் ஒன்றும் சொல்லாமல் அவள் போய்விடுகிறாள். தேடித் தவிக்கிறான். அவள் நாகநாட்டு அரசன் மகள், இனி வரமாட்டாள், பிள்ளை மட்டும்தான் வரும் என்று ஒரு சாரணர், அதாவது வானில் திரியும் முனிவர், அவனுக்குச் சொல்கிறார். அந்தப் பிள்ளையை அவள் கம்பளச்செட்டியின் கப்பலில் ஏற்றி அனுப்புகிறாள், கப்பல் கவிழ்கிறது. மகனைத் தேடி அலைந்த ராஜா இந்திர விழா எடுக்க மறந்துபோகிறான். விழா நின்றால் ஊரைக் கடல் கொள்ளும் என்ற சாபம் பலிக்கிறது, புகார் மூழ்குகிறது.

கவனியுங்கள், கிள்ளி நாகன் ஆகவில்லை. பீலிவளையும் சோழர் குலத்துப் பெண் என்று தெரியவரவில்லை. வேறு வேறாகவே இருந்தார்கள், அதற்கான விலை ஒரு ஊர். காவியத்தில் இந்தப் பகுதி மிகவும் சின்னது. 1,500 சொல்லுக்குள் தாராளமாக அடங்கும்.

இதே போன்ற இன்னொரு கதையைப் பெரும்பாணாற்றுப்படை உரையில் நச்சினார்க்கினியர் சொல்கிறார். அதில் சோழனுக்கும் நாகப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை, அடையாளத்துக்குத் தொண்டைக் கொடி சுற்றப்பட்டு, அலையில் மிதந்து வந்து காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் ஆகிறான். நம் சென்னை இருப்பது அந்தத் தொண்டை நாட்டில். பாம்புப் பெண்ணின் காதலைத் தன் மூலக்கதையாக வைத்திருக்கும் ஒரு நிலத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு வெளிநாட்டு ஓநாய் மனிதனை இறக்குமதி செய்ய வேண்டும்? (ரத்தக்காட்டேரியை விட்டுவிடுகிறேன், அது நம்ம ஊர்க்காரிதான்.)

இன்னொரு குறையும் உண்டு. 'இரு உலகங்களும் சேரக் கூடாது என்பது விதி' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யார் போட்ட விதி? எந்த அலுவலகம், என்ன படிவம்? நிஜ வாழ்க்கையில் தடை இவ்வளவு மொட்டையாக வருவதில்லை. மதம் மாறாமல் வேறு மதத்தவரைக் கட்டிக்கொள்ள 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. அதன்படி இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் குடியிருந்திருக்க வேண்டும். பிறகு கொடுக்கும் அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். ஆட்சேபம் சொல்ல 30 நாள் காத்திருப்பார்கள். ஓடிவந்த ஒரு ஜோடிக்கு அந்த ஒரு மாதம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பௌர்ணமிக்குள் மாலை மாற்றாவிட்டால் சாம்பலாகிவிடுவாய் என்ற சாபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வீடு தேடுவதை எழுதுங்களேன். ஒரு நாகப் பெண்ணும் பெரம்பூர்ப் பையனும் வாடகைக்கு வீடு பார்க்கிறார்கள். புரோக்கர் முதலில் கேட்பது, "நீங்க என்ன ஆளுங்க?" அடுத்தது, "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" அவள் உண்மையைச் சொல்கிறாள், "முட்டையும் பாலும்." வீட்டுக்கார அம்மா முகம் மாறுகிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் தெருமுனைப் புற்றில் முட்டை வைத்துப் பால் ஊற்றுகிற அதே அம்மாதான்! வைத்த முட்டையைத் தின்றவளே வாசலில் வந்து நின்றால் வீடு இல்லை. இதை எழுத மந்திரமே தேவையில்லை, ஒரு சனிக்கிழமை புரோக்கர் பின்னால் சுற்றினால் போதும்.

கற்பனைக் கதையில் போய் ஏன் இவ்வளவு பாரம், ஜாலியாக விடேன் என்று உடன் வாசித்த நண்பர் கேட்டார். ஜாலிக்கு நான் எதிரி இல்லை. நான் அதிக மதிப்பெண் போட்ட கதையே ஜாலியான கதைதான். காசிமேட்டு விசைப்படகில் போகும் ஒருவனுக்கும் கடல்கன்னிக்கும் காதல். அவளால் கரைக்கு வர முடியாது, அவனால் தண்ணீருக்குள் இருக்க முடியாது. நடுக்கடலில்தான் சந்திப்பு. ஏப்ரல் 15 வருகிறது, மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது. கதை முழுக்க அந்த 61 நாள்தான். வலை பின்னுகிறான், படகுக்குப் பெயின்ட் அடிக்கிறான், அம்மாவிடம் மாட்டிக்கொள்கிறான். அம்மா திட்டுவதில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: "கடல்லயே பொண்ணு பாத்துகினா, கரையில உனுக்கு யாருடா கஞ்சி ஊத்துவா?"

கடைசிவரை அவள் கடல்கன்னிதான், அவன் மீனவன்தான். யார் முதுகிலும் மச்சம் இல்லை. நண்பர், முடிவு இல்லை என்று பத்துக்கு நான்கு போட்டிருக்கிறார். நான் போட்டது ஒன்பது. சராசரி பார்த்தால் அந்தக் கதை இரண்டாம் சுற்றுக்குப் போகாது, அதனால் மூன்றாவதாக ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.