வளைவுக்கு என் பணம் கிடையாது

எங்கள் கல்லூரிக்குப் பவள விழா வருகிறது. அதையொட்டிச் சிங்கப்பூரில் வாழும் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து கல்லூரி வாசலில் ஒரு நுழைவு வளைவு கட்டிக் கொடுக்கலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யோசனை வந்திருக்கிறது. இருபுறமும் கருங்கல் தூண், மேலே கல்லூரியின் பெயர், பக்கத்தில் 'சிங்கப்பூர் முன்னாள் மாணவர்கள் அன்பளிப்பு' என்று ஒரு கல்வெட்டு. படம்கூட வரைந்து அனுப்பிவிட்டார்கள். பலர் உடனே தங்கள் பெயருக்கு நேரே தொகையை எழுதிவிட்டார்கள். நான் எழுதவில்லை, எழுதப்போவதும் இல்லை. குழுவில் இரண்டு வரியில் மறுத்தால் மனத்தாங்கலில் முடியும் என்பதால் காரணத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன். வேறு கல்லூரிகளில் படித்து இந்த ஊருக்கு வந்தவர்களிடமும் இதே யோசனை மேடையாகவோ சிலையாகவோ மணிக்கூண்டாகவோ வந்திருக்கும்.

யோசனை சொன்ன அண்ணன்மார் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. நான் இங்கே வந்த புதிதில், கையில் காசில்லாத காலத்தில், அவர்களில் ஒருவர் தம் வீட்டில் எனக்கு இடம் கொடுத்தார். ஒரே கல்லூரி என்பதைத் தவிர எங்களுக்குள் வேறு உறவு இல்லை. அப்படிப்பட்டவரின் கல்லூரிப் பாசத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பாசம் யாரைப் போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் அவரோடு மாறுபடுகிறேன். வளைவைப் பார்த்துப் பூரிக்கப்போவது விழாவுக்கு ஊர் போகும் நாம்தான். தினமும் காலையில் அதன் கீழே நடந்து வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு அதனால் ஆகப்போவது ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளையின் நிலை என்ன என்று கேட்டுப் பார்த்தேன். எனக்குப் பின்னால் படித்து இன்று அதே துறையில் பேராசிரியராக இருக்கும் தம்பி ஒருவரோடு அவ்வப்போது பேசுவேன். பருவத் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கும்போது வகுப்பில் சில இடங்கள் காலியாகிவிடுமாம். காய்ச்சல், பாட்டிக்கு உடல்நிலை சரியில்லை, ஊரில் திருவிழா என்று காரணம் வரும். விசாரித்தால் பணம் இருக்காது. கட்டணம் கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. அந்தப் பருவத் தாள்கள் அத்தனையும் அரியராக நிற்கும். பிறகு அந்த மாணவர் திரும்பி வருவது அவரவர் வீட்டுச் சூழலைப் பொறுத்தது. துறை ஆசிரியர்கள் தங்கள் பையிலிருந்து போட்டுச் சிலரைக் கரையேற்றுகிறார்கள். எல்லாரையும் அவர்களால் தாங்க முடியாது. அவர்களில் பலர் கௌரவ விரிவுரையாளர்கள், அவர்கள் சம்பளம் எவ்வளவு குறைவு என்பது எல்லாரும் அறிந்ததுதான். இங்கே லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இரண்டு பேர் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடும் தொகையில் ஒரு மாணவரின் ஒரு பருவத் தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் அடங்கிவிடும். இதைக் கேட்ட பிறகு கருங்கல் தூணுக்கு விலை விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழ்நாட்டு அரசு எதுவும் செய்யவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் போகிறது. 2024இல் மாணவர்களுக்கு அதேபோன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. எத்தனையோ வீடுகளில் பெண்ணைப் படிக்க அனுப்பலாமா என்ற பேச்சையே அந்த ஆயிரம் ரூபாய் மாற்றியிருக்கிறது. ஆனால் ஆடு மாட்டை விற்றுப் பிள்ளையைத் தனியார் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்த குடும்பத்துக்கு அது கிடைக்காது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை தொழிற்படிப்புகளுக்கானது. எங்கள் கல்லூரியைப் போன்ற கலை அறிவியல் கல்லூரிக்கு அது வராது. சுயநிதிப் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்குக் கட்டணமே பெரும் பாரம். விடுதியின் மெஸ் பில், திட்டக் கட்டுரைக்கு அச்சுச் செலவு, நேர்முகத் தேர்வுக்குச் சென்னை போய்வரப் பேருந்துச் செலவு இவற்றுக்கெல்லாம் திட்டம் கிடையாது. முன்னாள் மாணவர்களின் கை அங்கேதான் நீள வேண்டும்.

ஒரே தவணையில் பெருந்தொகையாகக் கொடுத்துவிட்டு மறந்துபோவதைவிட மாதாமாதம் சிறு தொகையாகக் கொடுப்பது இதற்குப் பொருந்தும். அதை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. 1991இல் சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தொடங்கிய பிறகு இந்த ஊர் இந்தியர்கள் ஏற்றுக்கொண்ட முறை அதுதான். சம்பளத்துக்கேற்ப மாதம் 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முதல் 30 வெள்ளி வரை சம்பளச் சீட்டிலேயே கழிந்துவிடுகிறது. குடிமக்கள், நிரந்தரவாசிகளோடு எம்ப்ளாய்மெண்ட் பாஸில், அதாவது உயர்நிலை வேலைக்கான அனுமதியில், இருப்பவர்களும் கட்டுகிறார்கள். அதற்காக யாரும் கல்வெட்டு கேட்டதில்லை. அந்தப் பணத்தில் இங்கே நம் பிள்ளைகள் துணைப்பாட வகுப்புக்குப் போகிறார்கள். எங்கள் குழுவில் நூறு பேர் மாதம் பத்து வெள்ளி எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 12,000 வெள்ளி. ஊர்க் கணக்கில் ஏழரை இலட்சம் ரூபாய்க்குக் குறையாது. அதைக் கொண்டு எத்தனை காலி இடங்களை நிரப்பலாம் என்பதை அந்தப் பேராசிரியரிடமே கேட்கலாம்.

இந்தத் தீவின் கல்வி வரலாறே சிறு பணத்தின் வரலாறுதான். 1950களில் நன்யாங் பல்கலைக்கழகத்துக்குத் தொழிலதிபர் டான் லார்க் சை 50 இலட்சம் வெள்ளி தருவதாக அறிவித்ததை எல்லாரும் சொல்வார்கள். அதே பல்கலைக்கழகத்துக்காக டிரைஷா எனும் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டியவர்கள் தங்கள் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நம் பக்கத்தில் தமிழவேள் கோ. சாரங்கபாணி அதே பத்தாண்டில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்பதற்காகத் தம் தமிழ் முரசு நாளிதழ் வழியே அவர் எழுப்பிய குரல் அது. கல்லூரி வாசலை மிதிக்காதவர்களும் அதில் பணம் போட்டார்கள். தாங்கள் படிக்காத இடத்துக்கு அவர்கள் கொடுத்தார்கள். நாமோ படித்த இடத்துக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

கொடுக்கும் வழியில் சட்டச் சிக்கல் உண்டு. இதைக் குழுவில் யாரும் பேசுவதில்லை என்பதால் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணத்தை இந்திய அரசு வெளிநாட்டு நிதியாகக் கருதுவதில்லை. அதே ஆள் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற மறுநாள் முதல், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அவர் கொடுப்பது வெளிநாட்டு நிதி. கல்லூரி அதை வாங்க வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் போக வேண்டும். எல்லார் பணத்தையும் இங்கே ஒரு சங்கத்தின் கணக்கில் சேர்த்து அனுப்பினால் மொத்தமும் வெளிநாட்டு நிதியாகிவிடும். இந்த ஊர்ச் சட்டமும் இருக்கிறது. வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையாளரின் அனுமதி வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தால் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். ஆகவே முதலில் கல்லூரியிடம் பதிவு இருக்கிறதா என்று எழுதிக் கேட்போம். அதுவரை இந்தியக் குடிமக்களாக இருப்பவர்கள் தனித்தனியாக, ரசீதோடு அனுப்பலாம். சிங்கப்பூர்க் குடிமக்களாகிவிட்டவர்கள் காத்திருக்கும் நேரத்தில் இங்குள்ள பல்கலைக்கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ ஒரு மாணவருக்குக் கைகொடுக்கலாம். பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற நிறுவனங்களுக்குத் தரும் நன்கொடைக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு உண்டு. படிக்கிற பிள்ளை எங்கே இருந்தாலும் பிள்ளைதான்.

கல்லூரியிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, எங்கள் கல்லூரி என்று மட்டும் இதைச் சொல்லவில்லை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் ஆண்டில்தான் பல கல்லூரிகளுக்கு முன்னாள் மாணவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். தர மதிப்பீட்டின் ஐந்தாவது அளவுகோலில் முன்னாள் மாணவர் பங்களிப்பு என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அதற்கு ஆவணம் வேண்டும். கூட்டம் நடக்கும், படம் எடுப்பார்கள், பிறகு அடுத்த மதிப்பீடு வரை பேச்சு மூச்சு இருக்காது. கொடுத்த பணத்துக்குக் கணக்கு கேட்டால் முகம் மாறுகிறது. மறைந்த பேராசிரியர் ஒருவர் பெயரில் பழைய மாணவர்கள் என்றோ வைத்த அறக்கட்டளை நிதியின் வட்டியில் இன்று ஒரு நல்ல அகராதி வாங்க முடியாது. அதைக் கூட்டித்தர நாங்கள் தயார். ஆண்டுக்கு ஒரு பக்கக் கணக்கு மட்டும் அவர்கள் அனுப்பட்டும்.

பணத்தைவிட நான் பெரிதாகக் கருதும் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் வேலை என்ற பெயரில் எங்கள் ஊரில் நடக்கும் வியாபாரம் கல்லூரி விடுதி வரை வந்துவிட்டது. இறுதியாண்டு மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எனக்கு எழுதினார். பட்டம் கைக்கு வந்ததும் சிங்கப்பூரில் அலுவலக வேலை என்று முகவர் ஒருவர் பல இலட்சம் கேட்டிருக்கிறார். அப்பா நிலத்தை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். என்ன பாஸ் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு 2025 முதல் குறைந்தது 5,600 வெள்ளி சம்பளம் வேண்டும், அதோடு புள்ளிக் கணக்கும் உண்டு என்பதை அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற முகவர் ஓர் ஆண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், மிஞ்சிப்போனால் இரண்டு மாதச் சம்பளம்தான் தொழிலாளியிடம் வாங்கலாம். இந்தியாவில் பதிவு பெற்ற முகவருக்கு 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. சிங்கப்பூர் முகவருக்கு உரிமம் உண்டா என்பதை இங்குள்ள மனிதவள அமைச்சின் இணையத்தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இந்த நான்கு செய்திகளும் இங்கே வாழும் நமக்குச் சாதாரணம். அந்த வீட்டில் நிலத்தைக் காப்பாற்றியவை அவைதான்.

இதைச் சொல்லித்தர எங்கள் குழுவில் மிகப் பொருத்தமானவர்கள் யார் தெரியுமா? குழுவிலேயே இல்லாதவர்கள். எங்கள் கல்லூரியில் இளங்கலை முடித்து, ஸ்கில் டெஸ்ட் எழுதி, உடலுழைப்பு வேலைக்கான ஒர்க் பர்மிட்டில் வந்து துவாஸ், ஜூரோங் தீவு தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் தம்பிகள் இருக்கிறார்கள். ஒருவரை லிட்டில் இந்தியாவில் தற்செயலாகப் பார்த்தேன். கல்லூரிப் பெயரைச் சொன்னதும் எனக்குப் பாடம் எடுத்த அதே ஆசிரியரைப் பற்றிக் கண் மலரப் பேசினார். நம் ஆண்டுக் கூடுகைக்கு ஏன் வருவதில்லை என்றேன். சனிக்கிழமை இரவு ஓட்டலில் வைக்கிறீர்கள், டிக்கெட் விலையும் அதிகம், எனக்கு ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை, அதோடு நான் வந்தால் அங்கே என்ன பேசுவது அண்ணா என்றார். இந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. அவர் முகவருக்குக் கட்டிய கடனை எத்தனை மாதம் அடைத்தார், எந்தத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது, பட்டத்துக்கு ஒர்க் பர்மிட்டில் மதிப்பில்லை, குடும்பத்தை அழைத்துவர வழியில்லை என்பதெல்லாம் அவருக்கு அனுபவப் பாடம். நம் மேலாளர்களும் பொறியாளர்களும் பேசுவதைவிட அவர் பேசினால் விடுதிப் பிள்ளைகள் காது கொடுப்பார்கள். ஓர் அண்ணன் சொல்வதைப்போல் இருக்கும். அவரை வெளியே நிறுத்திவிட்டு முன்னாள் மாணவர் சங்கம் என்று பெயர் வைத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு வேலையும் இருக்கிறது, இது கல்லூரி அலுவலகத்தோடு சேர்ந்து செய்ய வேண்டியது. 2023 செப்டம்பர் முதல் எம்ப்ளாய்மெண்ட் பாஸ் விண்ணப்பத்தில் பட்டத்தைக் காட்டினால் அது உண்மையானது என்று சரிபார்த்த சான்றும் வேண்டும். சரிபார்க்கும் நிறுவனம் ஊருக்கு மின்னஞ்சல் அனுப்பும். கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையில் அது அலைந்துகொண்டிருந்தால், வேலை தருவதாகச் சொன்னவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். அலுவலகத்தில் இதற்கென ஒருவர், ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு வார கால வரையறை என்று ஏற்பாடு செய்தால் போதும். முதல்வரிடம் பேசச் செல்வாக்குள்ள மூத்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வளைவுக்காகப் பேசப்போகிற அதே நேரத்தில் இதைப் பேசலாம்.

ஜமால் முகமது கல்லூரியின் சிங்கப்பூர் முன்னாள் மாணவர்கள் தமிழ்மொழி விழாவில் நிகழ்ச்சி நடத்தும்போது அரங்கில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரியின் பெயரால் இந்த ஊரில் இவ்வளவு பேரைக் கூட்ட முடியும் என்றால், எங்களாலும் முடியும்.

அடுத்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், தேக்கா பக்கத்தில், டிக்கெட் இல்லாமல் வைக்க வேண்டும் என்று செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்களோடு மாதம் ஒரு சனிக்கிழமை இணையவழியில் பேசலாம் என்றும் கேட்டிருக்கிறேன். இங்கே இரவு எட்டு மணி என்றால் அங்கே ஐந்தரை, விடுதிப் பிள்ளைகள் அறைக்குத் திரும்பியிருப்பார்கள். எங்கள் கல்லூரிக்காரர்கள் யார் இதைப் படித்தாலும் முடித்த ஆண்டு, துறை, இப்போது செய்யும் வேலை மூன்றையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். தங்குவிடுதிகளில் இருக்கும் தம்பிகளைத் தெரிந்தவர்கள் அவர்களுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். எந்த ஞாயிறு வசதி என்று அவர்களிடமே கேட்டுத் தேதி வைப்போம்.