மொட்டை மாடி எல்லாருக்கும் பொது

மொட்டை மாடி ஒழுகுவதை யார் காசில் சரிசெய்வது என்று போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அபார்ட்மெண்ட் மீட்டிங் சண்டையில் முடிந்தது. அதிலிருந்து மனசு சரியில்லை. தண்டையார்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை என்று எங்கள் பக்கத்துப் பழைய கட்டிடங்களில் இருக்கிற பலருக்கும் இது தெரிந்த சண்டையாக இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுடையது தரைத்தளமும் மூன்று மாடியும், மொத்தம் 12 வீடுகள். மூன்றாவது மாடியில் வயதான ஒரு அம்மா தனியாக இருக்கிறார். அவர் சமையலறையில் அடுப்புக்கு நேர் மேலே, ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. பால் வாங்கக் கீழே போயிருந்ததால் தப்பித்தார். அண்ணாந்து பார்த்தால் கம்பி தெரிகிறது. துரு பட்டை பட்டையாக உரிகிறது. மூன்று மழைக்காலமாக "ஒழுகுதுப்பா, ஒரு தடவை வந்து பாருங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னவர் அவர்.

மீட்டிங்கில் கீழ்வீட்டு அண்ணன் எழுந்து, "மொட்டை மாடி ஒழுகினா மேல இருக்கறவங்க செய்யணும், நான் எதுக்குக் காசு தரணும்?" என்றார். மேலேயிருந்து உடனே பதில் வந்தது: "டிரெயினேஜ் எதிர்த்துக்கிட்டு உங்க பாத்ரூம்ல ஏறினப்போ எல்லார் காசுலதானே லைன் மாத்தினோம்?" அதோடு பேச்சு தடம் மாறி, யார் எத்தனை மாதம் மெயின்டனன்ஸ் பாக்கி என்று போய்விட்டது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருக்கும் ஓனர் போனிலேயே "குடியிருக்கறவங்களைக் கேளுங்க" என்கிறார். இதில் நான் வாடகைக்காரர் பக்கம்தான். வாட்ச்மேன் சம்பளம், மோட்டார் கரண்ட் அவர் தரலாம். கட்டிடத்தின் தளத்தைச் சரிசெய்யும் செலவை அவர் தலையில் கட்டுவது அநியாயம்.

நம் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்தில் ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பாகம் என்றுதான் போட்டிருக்கும். தூணும் தளமும் மொட்டை மாடியும் அப்படித்தான், பன்னிரண்டு வீட்டுக்கும் பொது. மேல்வீட்டுச் சீலிங் என்று நாம் சொல்வது மொத்தக் கட்டிடத்தின் கூரை.

கடற்கரை ஓரத்தில் இருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து உள்ளே கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏற ஏறக் கம்பி பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டை வெளியே தள்ளும். அதன்மேல் சிமெண்டைக் குழைத்து அப்பி வெள்ளையடித்தால் உள்ளே துரு நிற்காது. பெயர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுத்தம் செய்து, அதற்கான பூச்சு அடித்து, அப்புறம்தான் பூச வேண்டும். மேலே தட்டோட்டின் இணைப்புகள் வாய் பிளந்து கிடக்கின்றன, மழைத்தண்ணீர்க் குழாயில் இலை அடைத்திருக்கிறது, டிஷ் ஆன்டெனாவுக்குத் தளத்திலேயே துளை போட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டுப் போன வருடம் வாசலுக்குப் பெயிண்ட் அடித்தோம். அதற்கு நானும் கை தூக்கினேன். தப்பு.

திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் இருந்த குடியிருப்பு இடிந்து விழுந்ததை எங்கள் பக்கம் யாரும் மறக்கவில்லை. விரிசலைப் பார்த்துவிட்டு மக்கள் முன்பே வெளியேறியதால்தான் உயிர் பிழைத்தார்கள். அது அரசு வாரியம் கட்டிக்கொடுத்த குடியிருப்பு, நம்முடையது சொந்த வீடு என்று சமாதானம் சொல்கிறார்கள். கம்பிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

"எப்படியும் இடிச்சுக் கட்டப்போறோம், இப்ப எதுக்குச் செலவு?" என்றும் ஒருவர் கேட்டார். 2022இல் இயற்றிய புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். சரி, ஆனால் பில்டரோடு பேசி, அனுமதி வாங்கி, எல்லாரும் காலி செய்ய எத்தனை வருடம் ஆகும்? அதுவரை அந்த அம்மா எதன் கீழே நிற்பார்?

முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்க்கட்டும், அவர் சொல்கிற வேலைக்குப் பன்னிரண்டு வீடும் பங்கு போடுவோம் என்று குரூப்பில் எழுதினேன். இதுவரை ஏழு பேர் சரி என்றிருக்கிறார்கள். கீழ்வீட்டு அண்ணன் படித்துவிட்டுப் பதில் போடவில்லை. இன்று சாயங்காலம் அவரை நேரில் கூப்பிட்டுக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறப்போகிறேன். அந்த அம்மா இப்போது ஹாலில் அடுப்பை வைத்துச் சமைக்கிறார்.